ரூம் டோன் எடுக்க மறக்காதீங்க

“மேடம் எதுல நிபுணர்?” என்று கேட்டாள் செய்தி நிலையத்தின் வரவேற்பு மேஜையில் இருந்த பெண்.

“இன்னைக்கு என்ன விவாதம்?” என்றான் கொழுந்தன்.

“தண்ணீர்ப் பிரச்சினை.”

“அதுலதான்.”

அவள் முகத்தில் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் இரண்டு விருந்தினர் அட்டைகளை நீட்டினாள். இருவருடைய கைப்பேசிகளையும் வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். ஒளிபரப்பு நடக்கிற இடத்துக்குள் விருந்தினர் கைப்பேசி போகக்கூடாதாம். லிஃப்ட் வலது பக்கம் என்று கையைக் காட்டினாள். கொழுந்தன் அதைக் காதில் வாங்காதவன் மாதிரி இடது பக்கப் படிக்கட்டில் ஏற ஆரம்பித்தான். மூடிய பெட்டிக்குள் நிற்பதென்றால் அவனுக்கு மூச்சு முட்டும். இது அவனைப் பெற்றவளுக்குத் தெரியும். அடுத்தபடியாகத் தெரிந்தவள், ஒன்றும் கேட்காமல் அவன் பின்னால் படியேறி வந்துகொண்டிருந்த அண்ணி.

அண்ணனுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதி நாள் கடலோடு குடித்தனம். அண்ணி ஒரு காலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்யாகக் கை கால் உடைத்துக்கொண்டவர்களைப் பிடிக்கிற வேலையில் இருந்தாள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். வண்டி ஓட்டுவதும் புளுகி உள்ளே நுழைவதும் கொழுந்தன் பொறுப்பு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது மட்டும் அவனுக்கு வராது.

அவர்களைத் தேடி முந்தின நாள் சாயங்காலம் வந்தவள் ஒரு காவலாளியின் மனைவி. சில மாதங்களுக்கு முன் ஒரு துணிக் கிடங்கு தீப்பிடித்து எரிந்தது. கேட் வெளியிலிருந்து பூட்டியிருந்ததால் உள்ளே வேலை பார்த்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள், திரும்பி வரவில்லை. காவலாளி அந்தக் கேட்டைப் பூட்டிவிட்டுச் சாலையில் நடந்து போகிற காட்சியை, ‘தீப்பிடிப்பதற்குச் சற்று முன்’ என்று கீழே எழுத்துப் போட்டு, இந்த நிலையம்தான் முதலில் காட்டியது. நாடே பார்த்தது. நான் பூட்டவே இல்லை என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. ஜெயிலில் இருக்கிறார். இன்று மதிய இடைவேளைக்குப் பிறகு தீர்ப்பு.

இந்த நிலைமையில், இதே நிலையத்தில் செய்தி வாசிக்கிற பெண் ஒருத்தி முந்தாநாள் திடீரென்று காவலாளியின் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாள். அந்தக் காட்சி பொய், நாளை மதியச் செய்தியில் நானே அதைச் சொல்லப்போகிறேன், ஃபோனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மனைவியும் மறுநாள் மதியம் தொலைக்காட்சிக்கு எதிரே ஃபோனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் வந்தது வேறொருத்தி. நடுவில், எங்கள் வாசிப்பாளர் தொலைபேசியில் இணைந்திருக்கிறார் என்றார்கள். பிறகு குரல் மட்டும் வந்தது.

“நான் நல்லா இருக்கேன். என் விருப்பப்படிதான் வேலையை விட்டேன். பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், ஊருக்குப் போறேன். யாரும் தேட வேண்டாம். ரூம் டோன் எடுக்க மறக்காதீங்க.”

அவ்வளவுதான். அவளே சொல்லிவிட்டுப் போன பிறகு என்னத்தைத் தேடுவது என்று போலீஸ் கையை விரித்துவிட்டது.

அண்ணி ராத்திரியெல்லாம் அந்தப் பதிவை ஓட்டி ஓட்டிக் கேட்டாள். நிலையம் இணையத்தில் போட்டிருந்த அதே துண்டையும் கேட்டாள். இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் இருந்தது. இணையத்தில் இருந்தது ‘தேட வேண்டாம்’ என்பதோடு நின்றுவிட்டது. ரூம் டோன் பற்றிய வரியும் அதற்குப் பின்னால் வந்த சின்ன இடைவெளியும் அதில் இல்லை. யாரோ நறுக்கியிருக்கிறார்கள். அதனால்தான் இப்போது அண்ணி தண்ணீர் நிபுணராகி, மேக்கப் அறையில், முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பக்கத்து அறையிலிருந்து ஓர் ஆண் குரல் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. அந்த பேக்கேஜைக் கில் பண்ணு, அமைச்சரோட பைட்டைப் பாதியில வெட்டு, கடைசியில இருக்கிறதைத் தூக்கு என்று அது வரிசையாக உத்தரவு போட்டது.

“இது செய்தி நிலையமா, கசாப்புக் கடையாக்கா?” என்று கொழுந்தன் மேக்கப் போடுகிற அம்மாளிடம் கேட்டான்.

அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிருபர் படமும் குரலுமாகத் தைத்து முடித்துக் கொடுக்கிற செய்திதான் பேக்கேஜ் என்று விளக்கினாள். யாராவது கேமராவுக்கு முன் பேசியதில் ஒரு துண்டு பைட். வேண்டாமென்று ஒரு செய்தியைத் தூக்கிப் போட்டால் அது கில். இப்போது கத்துகிறவர்தான் இங்கே தயாரிப்பாளர். நாளெல்லாம் கில், கில் என்கிறவர் என்பதால் அவருக்குப் பெயர் கில்லாடி.

“பொருத்தமாத்தான் வச்சிருக்கீங்க,” என்றான் கொழுந்தன்.

அண்ணி கண்ணாடியைப் பார்த்தபடியே, இவ்வளவு பெரிய நிலையத்தில் ஒரே ஒரு ஸ்டூடியோதானா என்று போகிறபோக்கில் விசாரித்தாள். முன்பு கீழ்த்தளத்தில் ஒன்று இருந்தது, புதிதாகக் கட்டியபின் அதில் உடைந்த சாமான்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் யாரும் போவதில்லை என்றாள் மேக்கப் அம்மாள். கண்ணாடியில் அண்ணியின் புருவம் ஒரு நூலளவு உயர்ந்ததைக் கொழுந்தன் பார்த்தான். கீழ்த்தளம் என்ற சொல் அவனுக்குப் பிடிக்கவில்லை.

மைக் மாட்டிவிட வந்தவன் ஒல்லியாக, தலையை எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தான். ஒலிப் பிரிவுக்காரன், எல்லாரும் அவனைக் ‘காது’ என்று கூப்பிட்டார்கள். பட்டன் அளவு மைக்கை அண்ணியின் தோள் பக்கம் செருகி, சிகரெட் பெட்டி மாதிரியான ஒரு டப்பாவை இடுப்பில் மாட்டினான். ரூம் டோன் என்றால் என்ன என்று கொழுந்தன் வெகுளியாகக் கேட்டதும் அவன் கை நின்றது.

ஒவ்வொரு அறைக்கும் சொந்தமாக ஒரு மௌனம் உண்டு என்றான் காது, கண்ணைத் தூக்காமலே. வெளியில் படம் பிடித்து முடித்துக் கிளம்புவதற்கு முன், யாரும் பேசாமல் அந்த அறையின் மௌனத்தையும் கொஞ்சம் பதிவு செய்துகொள்வார்கள். பிறகு ஒட்டுப் போடும்போது உதவும்.

“அப்போ ஃபோன்ல வந்த அந்தப் பொண்ணோட மௌனத்தை வெட்டினது யாரு?” என்றாள் அண்ணி மெதுவாக.

காது வெளிறிப்போனான். எனக்கு ஒன்றும் தெரியாது என்று முணுமுணுத்துவிட்டு, கதவில் இடித்துக்கொண்டு வெளியே போனான்.

அண்ணி எழுந்து தாழ்வாரத்துக்கு வந்தாள். யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு கொழுந்தனின் காதோரம் குனிந்தாள்.

“தம்பி, பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்னு சொன்னாளே. அந்தக் கடைசி இடைவெளியில என்ன கேட்டுது?”

காவலாளி வீட்டுக் குழாய் சொட்டுகிற சத்தமும், பக்கத்து வீட்டுக் குழந்தை அழுகிற சத்தமும் கேட்டதாகச் சொன்னான் அவன்.

“அது அவங்க வீட்டுச் சத்தம். டிவியில இருந்து?”

யோசித்தான். “ஒண்ணுமே இல்ல அண்ணி.”

“ஹார்ன் இல்ல, ஆள் பேச்சு இல்ல, ஒரு காக்கா கூடக் கத்தல. இந்த ஊர்ல அப்படி ஒரு இடம் எங்க இருக்கு?”

“நம்ம வீட்டுல. நீங்க கோவமா இருக்கும்போது.”

“சத்தம் உள்ள வராம சுவர் கட்டின இடம்,” என்றாள் அண்ணி. “அவ இந்தக் கட்டடத்தை விட்டே போகல. கீழ இருக்கிற பழைய ஸ்டூடியோவுல இருக்கா. பஸ் ஸ்டாண்டுன்னு பொய் சொல்லிட்டு, என் மௌனத்தைக் கேளுங்கன்னு சொல்லியிருக்கா.”

பழைய ஸ்டூடியோவுக்குப் போகிற படிகள் குறுகலாக இருந்தன. ஒவ்வொரு படி இறங்கும்போதும் மேலே இருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வந்தன. அடியில் கனமான ஒரு கதவு. வெளிப்பக்கம் பெரிய இரும்புக் கைப்பிடி. அண்ணி அதைத் திருகி இழுத்தபோது கதவு ஒரு பெருமூச்சு விட்டுத் திறந்தது. உள்பக்கத்தைக் கொழுந்தன் தடவிப் பார்த்தான். கைப்பிடி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அங்கே கிடந்த ஒரு முக்காலியைக் கதவிடுக்கில் வைத்து, ஆட்டிப் பார்த்து, இன்னொரு முறையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தான்.

சுவரெல்லாம் தடித்த பஞ்சுத் துணி. ஒரு காலத்தில் நகரத்தின் வானமாக நின்ற நீலத் தட்டிகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒரே ஒரு மங்கலான விளக்கு. அண்ணி சன்னமான குரலில், நாங்கள் காவலாளி வீட்டிலிருந்து வருகிறோம் என்றாள். நீலத் தட்டிகளுக்குப் பின்னாலிருந்து, கசங்கிய உடையும் கலைந்த தலையுமாக ஒரு பெண் வெளியே வந்தாள். நாடே பார்த்த முகம்தான். ஆனால் பக்கத்தில் பார்க்கும்போது சின்னப் பெண்ணாக இருந்தாள்.

அவள் முதலில் கேட்டது, “காதுதானே அனுப்பினார்?” என்பது.

அங்கேதான் அண்ணியின் கணக்கு முதல் முறையாகச் சறுக்கியது. அந்தப் பெண் யாரிடமும் கைதியாக இல்லை. அவள் சொன்ன கதை இது. நிலையத்தில் பழைய காட்சிகளைப் பயன்படுத்தினால் மூலையில் ‘கோப்புக் காட்சி’ என்று எழுதவேண்டும் என்பது விதி. ஏதோ ஒரு செய்திக்காகப் பழைய காட்சிகளைத் துழாவும்போது, காவலாளியின் காட்சி வெட்டப்படாமல் முழுசாக அவள் கண்ணில் பட்டது. ஒளிபரப்பில் வந்தது மார்புக்கு மேலே மட்டும். முழுக் காட்சியில், காவலாளியின் கையில் சொட்டச் சொட்ட மடக்கிய குடை, காலடியில் சேறு. கிடங்கு எரிந்ததோ மண் வெடித்துக் கிடந்த கோடையில். மழைக்காலத்தில் எப்போதோ எடுத்த படத்தை, குடை தெரியாமல் நறுக்கி, தீப்பிடித்த அன்று எடுத்ததாகக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு செய்தியால்தான் கில்லாடி தயாரிப்பாளர் நாற்காலிக்கு வந்தார்.

முழுக் காட்சியை ஒரு மெமரி கார்டில் எடுத்துக்கொண்டு அவள் கிளம்பியதை அவர் பார்த்துவிட்டார். துரத்திக்கொண்டு வந்தார். அவள் இங்கே ஓடி வந்து தட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். உள்ளே கைப்பிடி இல்லாதது அதற்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. கையில் இருந்த ஃபோனுக்கு இங்கே சிக்னலே வரவில்லை. சுவரில் ஒரு பழைய தொலைபேசி இருந்தது; அது ஒளிபரப்பை இயக்குகிற கன்ட்ரோல் ரூமில் மட்டும் மணியடிக்கும், உள்ளிருந்து வருகிற அழைப்பா வெளியிலிருந்து வருகிற அழைப்பா என்று அங்கே தெரியாது. ஆனால் பக்கத்திலேயே கில்லாடி நிற்பார். அதனால், ராஜினாமா செய்கிறேன், நேரலையில் சொல்லவேண்டும் என்றாள். அவர் வாயெல்லாம் பல்லாக உடனே ஒளிபரப்பினார். கடைசி வரி காதுக்காக. அவன் ஒருவனுக்குத்தான் அவள் மௌனம் புரியும், புரிந்தது. வந்து சாப்பாடு கொடுத்தான். அந்த மௌனத்தை வேறு யாரும் கேட்டுவிடக்கூடாது என்று இணையத் துண்டிலிருந்து நறுக்கினான். வாசலில் கில்லாடியின் ஆட்கள் பையைச் சோதிக்கிறார்கள், வெளியே போக வழியில்லை. இன்றைய மதியச் செய்தியின் நடுவே, இந்த ஸ்டூடியோவின் பழைய மைக்கைக் காது திறந்துவிடுவான், அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள். இதுதான் அவர்களுடைய திட்டம்.

“ஆக, நாங்க வராம இருந்திருந்தாலே எல்லாம் சரியா நடந்திருக்கும்,” என்றான் கொழுந்தன்.

பதிலாக, முக்காலி தரையில் உருண்டது. அவன் திரும்புவதற்குள் கதவு அதே பெருமூச்சோடு மூடிக்கொண்டது.

சற்று நேரத்தில் கூரையோரம் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. கன்ட்ரோல் ரூமிலிருந்து ஸ்டூடியோவுக்குப் பேசுவதற்காக வைத்த பெட்டி அது.

“ரொம்ப நன்றிம்மா,” என்றது கில்லாடியின் குரல். “நான் ரெண்டு நாளாத் தலைகீழா நின்னு தேடினேன். நீங்க ஒரு பவுடர் காயறதுக்குள்ள கண்டுபிடிச்சுட்டீங்க. தோள்ல இருக்கிற மைக்கை ஆஃப் பண்ணியிருக்கலாம்.”

அண்ணி மெல்லத் தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பயந்துபோய் ஓடிய காது, டப்பாவை அணைக்க மறந்திருக்கிறான். தாழ்வாரத்தில் கிசுகிசுத்தது முழுக்க அச்சுப் பிசகாமல் மேலே கேட்டிருக்கிறது. திறந்தே கிடக்கிற மைக்கை இவர்கள் ஹாட் மைக் என்பார்களாம். அண்ணியின் முகத்தில் இப்படி ஒரு களையிழப்பைக் கொழுந்தன் பார்த்ததே இல்லை.

குரல் அந்தப் பெண்ணிடம் நிதானமாகப் பேசியது. காதை வெளிவேலைக்கு அனுப்பியாகிவிட்டது. நான் கொலைகாரன் இல்லை, தீர்ப்பு வந்ததும் திறந்துவிடுவேன். கைப்பிடி இல்லாத கதவு, தானாகப் பூட்டிக்கொண்டது, அவ்வளவுதான். அதற்கப்புறம் நீ என்ன சொன்னாலும், வேலையை விட்டுப் போனவள் வயிற்றெரிச்சலில் சொல்கிறாள் என்பார்கள். விட்டதை நீயே உன் வாயால் ஊருக்குச் சொல்லியிருக்கிறாய்.

ஒலிபெருக்கி அடங்கியது. விளக்கும் அணைந்தது.

கொழுந்தனுக்கு இருட்டு ஒரு ஈரப் போர்வை மாதிரி முகத்தில் வந்து விழுந்தது. ஏதாவது வேடிக்கையாகச் சொல்ல வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. கதவை அறைந்தான், உதைத்தான், தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினான். அந்தச் சுவர்கள் அவன் சத்தத்தை வாங்கி விழுங்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்பது போல நின்றன. உள்ளேயே இப்படியென்றால் வெளியே என்ன கேட்கும்? சுவர்த் தொலைபேசியை எடுத்துப் பார்த்த பெண், கம்பி செத்துவிட்டது என்றாள். அண்ணியின் மைக்கைக் கேட்கிறவர் கில்லாடி ஒருவர்தான். அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். மார்பு ஏறி ஏறி இறங்கியது. கிடங்குக்குள் மாட்டிக்கொண்டவர்கள் நினைவுக்கு வந்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று தலையை உதறினான். ஒரு கை வந்து அவன் கையைப் பிடித்தது. அண்ணியின் கையும் சில்லென்றுதான் இருந்தது.

“என் தப்பு தம்பி,” என்றாள். “மூச்சை மெதுவா விடு. நான் எண்ணல, நீயும் எண்ணாதே. சும்மா விடு.”

பிறகு இருட்டைப் பார்த்துக் கேட்டாள். “இங்க கத்தினா யாருக்கும் கேக்காது. சரி. உங்க தொழில்ல எல்லாரும் எதைக் கேட்டா அலறியடிச்சு ஓடி வருவாங்க?”

அந்தப் பெண் யோசித்தாள். “எதையாவது கேட்டா ஓடி வரமாட்டாங்க மேடம். எதுவும் கேக்கலன்னாதான் வருவாங்க.”

அதற்கு டெட் ஏர் என்று பெயராம். ஓடிக்கொண்டிருக்கிற ஒளிபரப்பில் திடீரென்று சத்தமோ படமோ இல்லாமல் போவது. மக்கள் உடனே வேறு சேனலுக்குத் தாவிவிடுவார்கள். ஒளிபரப்பு அறையில் மணி அலறும். முதலாளி வீட்டிலிருந்தே ஃபோனில் பாய்வார். ஒருத்தருக்கும் வேலை நிச்சயமில்லை.

“அதை இங்கிருந்து பண்ண முடியுமா?”

முடியும் என்று அவளுக்கே மெல்லத்தான் உறைத்தது. மேலே புது ஸ்டூடியோ கட்டியபோது சிக்கனம் பார்த்து, பழைய வயர்களையே நீட்டிக்கொண்டார்கள். மேலே வாசிக்கிற செய்தியின் சத்தம் இந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிற பெட்டி வழியாகத்தான் வெளியே போகிறது. இந்த ஸ்டூடியோவின் மைக்கை எந்த இடத்தில் இணைப்பேன் என்று காது நேற்றுச் சொல்லும்போது, பக்கத்திலிருக்கிற சிவப்பு பிளக்கை மட்டும் தொட்டுவிடாதே, மொத்த நிலையமும் ஊமையாகிவிடும் என்றும் சொல்லியிருந்தான். ஆனால் பெட்டி இருப்பது பஞ்சுச் சுவருக்கும் நிஜச் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில். காதின் உடம்புக்குத்தான் அதில் நுழைய முடியும்.

மூன்று பேரில் ஒல்லி கொழுந்தன்தான் என்பது இருட்டிலும் தெரிந்த விஷயம்.

“நான் போறேன்,” என்றாள் அண்ணி.

“நீங்க உள்ள மாட்டிக்கிட்டா அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?” என்றான் கொழுந்தன். குரல் அவனுடையதாக இல்லை. “நகருங்க.”

பக்கவாட்டில் உடம்பைச் செருகித்தான் நுழைய முடிந்தது. முன்னால் செங்கல், பின்னால் பலகை. தலையைத் திருப்பக்கூட இடமில்லை. ஒரு கையை நீட்டித் துழாவிக்கொண்டே அங்குலம் அங்குலமாக நகர்ந்தான். தூசி மூக்கில் ஏறியது. நடுவில் சட்டை எதிலோ மாட்டிக்கொண்டபோது முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. அந்த இடத்தில் அவன் அழுதான். சத்தமில்லாமல், கண்ணைத் துடைக்கக்கூடக் கையை மடக்க வழியில்லாமல் அழுதான். ஜெயிலில் இருக்கிறவருக்கு இப்படித்தான் இருக்குமோ என்று தோன்றியது. சட்டை கிழிந்து வழிவிட்டது. விரல்நுனியில் சில்லென்று இரும்புப் பெட்டி தட்டுப்பட்டது. அதில் ஒரு பொட்டு வெளிச்சம் மினுக்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் ஒரு பிளக் சிவப்பாகத் தெரிந்தது. பிடித்து இழுத்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. அதாவது, அங்கிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரிதான் இருந்தது. அதே இருட்டு, அதே அமைதி. மேலே உலகம் ஊமையாகிவிட்டதா, இல்லை உதவாத ஒரு பிளக்கைப் பிடுங்கிவிட்டோமா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. சந்திலேயே நின்றான். வெளியே வந்து, இல்லை என்று சொல்ல அவனுக்குத் தைரியம் இல்லை.

கதவின் பெருமூச்சு கேட்டது.

டார்ச் வெளிச்சத்தோடு வந்தவள் ஒளிபரப்புப் பிரிவின் பொறியாளர். நரைத்த தலை, கையில் ஸ்க்ரூ டிரைவர், கொலைவெறிக் கோபம். எந்த எருமை என் லைனில் கை வைத்தது என்று கேட்டுக்கொண்டே நுழைந்தவள், வெளிச்சத்தில் வாசிப்பாளரின் முகத்தைப் பார்த்ததும் ஸ்க்ரூ டிரைவரைத் தாழ்த்தினாள். அந்தப் பெண் விளக்கமெல்லாம் சொல்லவில்லை. கார்டை அவள் கையில் வைத்தாள்.

“அந்தக் காவலாளி பூட்டல. ஆதாரம் இதுல இருக்கு. இன்னைக்குத் தீர்ப்பு.”

பொறியாளர் கார்டைப் பார்த்தாள், சந்திலிருந்து தூசியும் கண்ணீருமாகத் தலையை நீட்டிய கொழுந்தனைப் பார்த்தாள். பிறகு, அந்த பிளக்கை எங்கிருந்து பிடுங்கினாயோ அங்கேயே சொருகிவிட்டு வா என்றாள்.

அவர்கள் மேலே போனபோது, திரையில் சத்தமில்லாமல் வாயசைத்து மிரண்டுபோயிருந்த புது வாசிப்பாளர், தன் நாற்காலியைத் தானாகவே காலி செய்தாள். சத்தம் திரும்பி வந்தது. கலைந்த தலையோடு, முகத்தில் ஒரு பொட்டுப் பவுடர் இல்லாமல், அந்தப் பெண் கேமராவைப் பார்த்து வணக்கம் சொன்னாள். இந்த நிலையம் ஒளிபரப்பிய ஒரு பொய்யைத் திருத்திக்கொள்கிறோம் என்று ஆரம்பித்தாள். பொறியாளர் கார்டைச் செருக, திரையில் முழுக் காட்சி ஓடியது. குடை, சேறு, சொட்டுகிற தண்ணீர் எல்லாம் தெரிந்தன.

கொழுந்தனும் அண்ணியும் கன்ட்ரோல் ரூம் வாசலில் நின்றார்கள். உள்ளே கில்லாடி மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் காதுக்குள் நிறுத்து, நிறுத்து என்று கத்திக்கொண்டிருந்தார். திரையில் அவள் காதிலிருந்த கருவியைக் கழற்றி மேஜையில் வைத்தாள், பேசிக்கொண்டே இருந்தாள். அவர் பொறியாளர் பக்கம் திரும்பினார்.

“கட் பண்ணு.”

பொறியாளர் ஃபோனைக் கையால் பொத்தினாள். “முதலாளி லைன்ல இருக்கார். ஏன் ஊமையாச்சுன்னு கேட்டுக்கிட்டிருக்கார். இப்போ கட் பண்ணினா மறுபடியும் டெட் ஏர். நீங்கதான் சொன்னீங்கன்னு சொல்லிட்டுப் பண்ணட்டுமா சார்?”

அந்த அறையில் இருந்த எல்லாரும் தங்கள் தங்கள் பொத்தான்களிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரையே பார்த்தார்கள். வாசலை அடைத்துக்கொண்டு அண்ணி நின்றாள். கில்லாடி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

திருத்தத்துக்கு அடுத்து வானிலை அறிக்கை. அதையும் அந்தப் பெண்ணே வாசித்து முடித்தாள்.

சாயங்காலம் போலீஸ் வந்து போன பிறகு, வரவேற்பில் கைப்பேசியைத் திரும்ப வாங்கியதும் அது அடிக்க ஆரம்பித்தது. காவலாளியின் மனைவி. அழுகையும் இரைச்சலுமாக அவள் சொன்னதை அண்ணி பொறுமையாகக் கேட்டு, கொழுந்தனுக்கும் சொன்னாள். வக்கீல் செய்தியை அப்படியே நீதிபதியிடம் கொண்டுபோயிருக்கிறார். தீர்ப்பு இல்லை, வழக்கை மறுபடி விசாரிக்கச் சொல்லி, காவலாளியை ஜாமீனில் விட்டுவிட்டார்கள். இதோ பக்கத்தில் நிற்கிறாராம். பேச வரவில்லையாம், தண்ணீர் மட்டும் கேட்டுக் கேட்டுக் குடிக்கிறாராம்.

“எழுந்திருக்கிறதுக்கு முன்னால ஜட்ஜ் ஒண்ணு கேட்டாரும்மா,” என்றாள் அவள். “யாருக்கும் பதில் தெரியல. உங்ககிட்ட கேக்கச் சொன்னார் வக்கீல்.”

“என்ன கேட்டார்?”

“கேட்டை இவர் பூட்டலன்னா, பூட்டினது யாருன்னு.”